கெய்ர்ன் டெரியர்: குணமும் பராமரிப்பும்

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்திலும், அதற்கு மேற்கே கடலில் கிடக்கும் ஸ்கை முதலான தீவுகளிலும் ஆடு வளர்த்துப் பிழைத்தவர்களுக்கு நரி பெரிய எதிரி. ஆட்டுக்குட்டியையும் கோழியையும் அது தூக்கிப்போகும். பாறைச் சரிவுகளிலும் கற்குவியல்களிலும் பதுங்கிக்கொண்டால் மனிதனால் அதை நெருங்க முடியாது. அந்த இடுக்குகளுக்குள் புகுந்து, உள்ளே இருப்பதைக் குரைத்து மடக்கி, வெளியே விரட்டுவதற்காக வளர்க்கப்பட்ட நாய் கெய்ர்ன் டெரியர். அங்குள்ள கற்குவியல்களின் பெயரே அதற்கும் பெயராயிற்று.

இந்த நாயை வளர்க்க நினைப்பவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த வேலையைத்தான். அது தோட்டத்தைத் தோண்டுவதும், அணிலைக் கண்டால் பாய்வதும், கூப்பிட்டால் உடனே வராமல் ஒரு கணம் யோசிப்பதும், அதன் ரோமம் முரடாக இருப்பதும் எல்லாமே அந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தன்மைகள். அவற்றைக் குறையென்று எண்ணி அடக்கப் பார்ப்பவர் தோற்றுப்போவார். அவற்றுக்கு வீட்டில் ஓர் இடம் அமைத்துக் கொடுப்பவருக்கு இதைவிடத் துடிப்பான, மனமகிழ்ச்சியான சிறிய நாய் கிடைப்பது அரிது.

சுருக்கமாக

உயரம்: 28 முதல் 31 செ.மீ. வரை.
எடை: 6 முதல் 7.5 கிலோ வரை.
ஆயுள்: பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள்.
நிறம்: கிரீம், கோதுமை, சிவப்பு, சாம்பல், கருமைக்கு நெருங்கிய சாம்பல், இவற்றில் கரும்வரிகள் ஓடலாம். தூய வெள்ளை, தூய கறுப்பு ஏற்கப்படுவதில்லை.
உடற்பயிற்சி: நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்.
ரோமப் பராமரிப்பு: வாரம் ஒருமுறை சீவுதல், ஆண்டுக்கு இருமுறையாவது முதிர்ந்த ரோமத்தைக் கையால் களைதல்.

இனத்தின் வரலாறு

ஸ்காட்லாந்தின் குட்டைக்கால் டெரியர்கள் எல்லாம் ஒரே குடும்பம். இன்று ஸ்கை டெரியர், ஸ்காட்டிஷ் டெரியர், வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர், கெய்ர்ன் டெரியர் என்று தனித்தனியாக அறியப்படுபவை ஒரு காலத்தில் ஒன்றோடொன்று கலந்தே வளர்ந்தன. அன்றைய வேட்டைக்காரர்கள் நிறத்தையோ காதின் வடிவையோ பார்க்கவில்லை. நாய்க்குத் துணிச்சல் இருக்கிறதா, இடுக்குக்குள் நுழைகிற உடல் இருக்கிறதா என்பதே அவர்கள் பார்த்தது.

நாய்க் கண்காட்சிகள் பெருகிய பிறகுதான் பிரிவினை வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாயைக் ‘குட்டை ரோம ஸ்கை டெரியர்’ என்ற பெயரில் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். நீண்ட ரோமமுள்ள ஸ்கை டெரியரை வளர்த்தவர்கள் அந்தப் பெயரை எதிர்த்தார்கள். 1912இல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதைக் கெய்ர்ன் டெரியர் என்ற தனி இனமாக ஏற்றது. அமெரிக்கன் கென்னல் கிளப் அடுத்த ஆண்டில் ஏற்றது. அதன் பிறகும் சில ஆண்டுகள் வெள்ளை வெஸ்ட் ஹைலேண்ட் டெரியரோடு இதை இணைசேர்ப்பது தொடர்ந்தது. 1917இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அத்தகைய கலப்புக் குட்டிகளைப் பதிவுசெய்ய மறுத்தபின் இரண்டும் முற்றாகப் பிரிந்தன.

உலகம் இந்த இனத்தை அறிந்துகொண்டது 1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ திரைப்படத்தின் மூலம். அதில் டொரத்தியின் நாய் டோட்டோவாக நடித்தது டெர்ரி என்ற பெண் கெய்ர்ன். அதற்குப் பயிற்சி கொடுத்தவர் கார்ல் ஸ்பிட்ஸ். படப்பிடிப்புத் தளத்தின் விளக்குகளுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் டெர்ரி செய்து காட்டியதைப் பார்த்தால், பிடிவாதக்கார இனம் என்று பேர் வாங்கிய இதற்கு எவ்வளவு கற்றுக்கொடுக்கலாம் என்பது புரியும்.

உடலமைப்பு

நல்ல கெய்ர்னின் தலை நரியின் தலையை நினைவூட்டும். முகத்தைச் சுற்றி அடர்ந்த ரோமம், நிமிர்ந்த சிறிய காது, அடர்ந்த புருவத்துக்குக் கீழே விழிப்பான கண். முன்பாதங்கள் பின்பாதங்களைவிடப் பெரியவை, சற்று வெளிப்பக்கம் திரும்பியும் இருக்கலாம். தோண்டிய மண்ணைப் பக்கவாட்டில் தள்ள இந்த அமைப்பு உதவுகிறது. பாதத்தின் அடிச்சதை தடித்து, கூர்க்கல்லைத் தாங்குவதாக இருக்கும். வால் குட்டையானது, இயல்பிலேயே அப்படி. இந்த இனத்தில் வாலை வெட்டும் வழக்கம் இல்லை.

ரோமம் இரண்டு அடுக்கு. வெளியே முரடான, அடர்ந்த ரோமம் மழையை வழியவிடும், முள்ளைத் தடுக்கும். உள்ளே இருக்கும் மென்மையான குட்டை ரோமம் குளிரிலிருந்து காக்கும். குட்டியாக வாங்கும்போது இருந்த நிறம் வளர்ந்த பிறகும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கரும்வரி ஓடிய கெய்ர்ன்கள் ஆண்டுக்கு ஆண்டு கருத்துக்கொண்டே போகும். நிறத்துக்காக மட்டும் குட்டியைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

குணம்

கற்குவியலுக்குள் நுழைந்த நாய்க்கு எசமானின் குரல் எட்டாது. முன்னேறுவதா, நின்று குரைப்பதா, பின்வாங்குவதா என்று அதுவே முடிவெடுக்க வேண்டும். அந்தச் சுயபுத்தி இன்றும் அப்படியே இருக்கிறது. ஆட்டுமந்தை காக்கும் நாய் எசமானின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கெய்ர்ன் உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும். ஆனால் நீங்கள் சொல்வதில் தனக்கு என்ன பயன் என்றும் பார்க்கும்.

வீட்டாரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒரே ஆளிடம் மட்டும் பற்று வைக்காமல் குடும்பம் முழுவதையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். மடியில் நெடுநேரம் படுத்துக்கிடப்பதைவிட, நீங்கள் செல்லும் அறைக்கெல்லாம் கூடவே வருவது அதற்குப் பிடிக்கும். குழந்தைகளோடு விளையாடச் சலிக்காது. ஆனால் வாலை இழுப்பதையும் தூங்கும்போது சீண்டுவதையும் நெடுநேரம் பொறுத்துக்கொள்ளாது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு பேரையும் தனியே விடக்கூடாது.

குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்த பூனையோடு ஒத்துப்போகும். முயல், ஹாம்ஸ்டர், கினிப்பன்றி போன்றவை இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. அவற்றை இரையாகவே அது பார்க்கும். எந்தப் பயிற்சியாலும் அதை நம்பத்தக்க அளவுக்கு மாற்ற முடியாது.

குட்டி வாங்கும் முன்

குட்டியை அதன் தாயோடு, பிறந்த வீட்டிலேயே பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைக் கடைக்காரரோ தரகரோ விற்பதற்குத் தடை உள்ளது. வளர்த்தவரிடமே நேரில் வாங்க வேண்டும், அல்லது காப்பகத்திலிருந்து எடுக்க வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத நாட்டில் இருப்பவரும் இந்த விதியைத் தமக்குத் தாமே போட்டுக்கொள்வது நல்லது. தாய் மனிதர்களைக் கண்டு பதுங்குகிறதா, உறுமுகிறதா என்று கவனியுங்கள். தாயின் மனநிலை குட்டிக்கும் வரும்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக்கூடாது. வளர்ப்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: பெற்றோருக்குக் குளோபாய்டு செல் லூகோடிஸ்ட்ரோபி என்ற நரம்பு நோய்க்கான மரபணுச் சோதனை செய்யப்பட்டதா? குட்டிகளுக்குக் கல்லீரல் தொடர்பான பித்த அமிலச் சோதனை செய்யப்பட்டதா? பெற்றோரின் கண்களையும் முழங்கால் சில்லையும் மருத்துவர் பார்த்தாரா? இந்தக் கேள்விகளைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள். பொறுப்புள்ளவர் உங்களையும் பத்துக் கேள்வி கேட்பார். வீட்டில் எத்தனை மணி நேரம் ஆள் இருக்கும், வேலி உண்டா என்று விசாரிப்பார்.

முதல் மாதங்கள்

குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் காலம் ஏறத்தாழ மூன்று வாரத்தில் தொடங்கி மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதில் பாதி தாயிடம் கழிந்துவிடுவதால், உங்களிடம் வந்த முதல் சில வாரங்கள் மிக முக்கியமானவை. குடை விரிப்பது, குக்கர் விசில், வாக்யூம் கிளீனர், சைக்கிள், தொப்பி வைத்தவர், தடி ஊன்றிய முதியவர் என ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து காட்டி, ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை பிற நாய்கள் புழங்கும் தரையில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போகும். வெறிநோய்த் தடுப்பூசியைப் பொதுவாக மூன்று மாதத்தில் போடுவார்கள். பிரிட்டனில் 2016 முதல் எட்டு வாரத்துக்குள் மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயம்.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே தொடங்க வேண்டும். தினமும் இரண்டு நிமிடம் மேசைமேல் ரப்பர் விரிப்பில் குட்டியை நிறுத்தி, பாதத்தைத் தொட்டு, காதைத் தூக்கிப் பார்த்து, உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து, இரண்டு தடவை சீப்பால் சீவி இறக்கிவிடுங்கள். பின்னால் வரப்போகும் ரோமப் பராமரிப்பு முழுவதும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

பயிற்சி

ஒரே கட்டளையை இருபது முறை சொன்னால் கெய்ர்ன் மூன்றாம் முறைக்குப் பிறகு கேட்காது. ஐந்து நிமிடப் பாடம், நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் அது வெற்றிபெறும் இடத்தில் முடிய வேண்டும். சரியாகச் செய்த நொடியில் பரிசு கொடுங்கள். அதட்டலும் அடியும் இந்த இனத்திடம் எதிர்விளைவையே தரும். வெளியே முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் கடுஞ்சொல்லுக்கு உடனே சுருங்கிப்போகும்; சுருங்கிய நாய் கற்காது.

மிகக் கடினமான பாடம் ‘வா’ என்றால் வருவது. பத்து மீட்டர் நீளக் கயிற்றில் கட்டி, திறந்த வெளியில் பழக்குங்கள். வந்தால் வீட்டில் கிடைக்காத உயர்ந்த பரிசு, அதாவது அவித்த கோழித்துண்டோ பாலாடைக்கட்டியோ கிடைக்க வேண்டும். வந்ததும் கயிற்றைக் கட்டி வீட்டுக்கு இழுத்துப்போனால் அடுத்த முறை வராது. பரிசு கொடுத்துத் திரும்ப விளையாட விடுங்கள். எவ்வளவு பழக்கினாலும், வேலியில்லாத இடத்திலும் சாலையோரத்திலும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. ஓடும் அணிலைப் பார்த்த கெய்ர்னுக்கு லாரி கண்ணில் படாது. ஆடு மேயும் நிலங்களில் கூடுதல் கவனம் தேவை. பிரிட்டனில் நாய் ஆட்டைத் துரத்துவது எசமானரைக் குற்றவாளியாக்கும்.

தோண்டலும் குரைப்பும்

தோண்டுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்றலாம். தோட்டத்தின் ஒரு மூலையில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பலகை அடித்து, மணலும் மண்ணும் கலந்து நிரப்புங்கள். அதற்குள் பொம்மையையும் தின்பண்டத்தையும் புதைத்து, நாயோடு சேர்ந்து நீங்களும் தோண்டிக் காட்டுங்கள். வேறிடத்தில் தோண்டினால் சத்தம் போடாமல் கூட்டிவந்து இங்கே விடுங்கள். சில வாரங்களில் அந்த மூலை அதன் சொத்தாகிவிடும். வேலியின் அடிப்பகுதியில் 30 செ.மீ. ஆழத்துக்குக் கம்பிவலையைப் புதைத்துவிட்டால் அடியில் குடைந்து வெளியேறாது.

அமெரிக்காவில் இந்த இயல்புக்கென்றே எர்த்டாக் என்ற சோதனைகளை அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்துகிறது. மண்ணுக்கடியில் ஒன்பது அங்குல அகலச் சுரங்கம். கூண்டில் பத்திரமாக அடைத்த எலியின் வாடையைப் பிடித்துக்கொண்டு நாய் அதில் போக வேண்டும். ஜூனியர் நிலைச் சோதனையில் சுரங்கம் 30 அடி நீளம், மூன்று திருப்பங்கள். எலிக்கு ஒரு தீங்கும் நேராது. இப்படிப்பட்ட வாய்ப்பு அருகில் இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே மணம் தேடும் விளையாட்டு வைக்கலாம். பழைய துணிச் சுருள்களிலும் அட்டைப்பெட்டிகளிலும் அதன் உணவில் ஒரு பகுதியை ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். பத்து நிமிடம் மூக்கால் தேடினால் நாய் நன்றாகக் களைத்துத் தூங்கும்.

குரைப்பு இதன் தொழிற்கருவி. மண்ணுக்கடியில் தான் இருக்குமிடத்தை எசமானுக்கு அறிவித்தது அந்தக் குரல்தான். வாசலில் ஆள் வந்தால் குரைக்கட்டும். இரண்டு குரைப்புக்குப் பிறகு ‘போதும்’ என்று சொல்லி, அமைதியான கணத்தில் பரிசு கொடுத்துப் பழக்குங்கள். நாள் முழுவதும் தனியே அடைத்துவைத்த கெய்ர்ன் குரைத்துக்கொண்டேதான் இருக்கும். அதற்கு மருந்து துணையும் வேலையும்தான்.

ரோமப் பராமரிப்பு

பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். நாய் அடர்ந்து தெரிந்ததும் க்ரூமரிடம் கொண்டுபோய் மெஷினால் வெட்டிவிடுகிறார்கள். கெய்ர்னின் வெளிரோமம் வளர்ந்து முதிர்ந்தபின் வேரில் தளர்ந்து நிற்கும். அதை எடுத்துவிட்டால் அந்தத் துளையிலிருந்து புதிய முரட்டு ரோமம் முளைக்கும். வெட்டினாலோ முதிர்ந்த வேர் உள்ளேயே தங்கிவிடும். அடுத்து வருவது மெத்தென்று, நிறம் வெளிறி, தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் ரோமம். அழுக்கு ஒட்டும், சிக்கும் விழும்.

சரியான முறை கையால் களைவது. ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங் என்பார்கள். கழுத்துக்குப் பின்னால் தொடங்குங்கள். ஒரு கையால் தோலை மெல்ல இழுத்துப்பிடித்து, மறு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீண்ட ரோமத்தில் சிலவற்றின் நுனியை மட்டும் பிடித்து, அது வளர்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். முதிர்ந்த ரோமம் எதிர்ப்பின்றி வந்துவிடும், நாய்க்கு வலிக்காது. வராவிட்டால் இன்னும் முதிரவில்லை என்று பொருள். சில வாரம் விட்டுப் பாருங்கள். விரல் வழுக்கினால் ரப்பர் விரலுறை உதவும். குளிப்பாட்டிய உடனே செய்யாதீர்கள், வழுக்கும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. இன்று முதுகு, நாளை விலா, மறுநாள் தொடை என்று பிரித்துக்கொள்ளலாம். வயிறு, கவட்டி போன்ற மென்மையான இடங்களில் கத்தரிக்கோலே போதும்.

மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்தால் எல்லா வயது ரோமமும் கலந்து நின்று, நாய் எப்போதும் ஒழுங்காகத் தோன்றும். இதைவிட எளிய வழி ஆண்டுக்கு இருமுறை முழுவதும் களைவது. க்ரூமரிடம் கொடுப்பதானால், கையால் களையத் தெரியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதியதோ நோயுற்றதோ ஆன நாய்க்கு, அல்லது மெஷினால் வெட்டியே பழகி ரோமம் மெலிந்துபோன நாய்க்கு வெட்டுவதே இதம். அங்கே அழகைவிட நாயின் நிம்மதி பெரிது.

வாரம் ஒருமுறை வேர்வரை சீவுங்கள். காதின் நுனிப்பகுதியில் வளரும் ரோமத்தைக் குட்டையாக எடுத்துவிட்டால் காது நிமிர்ந்து நிற்கும். விரலிடுக்கில் முடிச்சு, உண்ணி, முள் இருக்கிறதா என்று ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பார்க்க வேண்டும். அடிக்கடி குளிப்பாட்டினால் ரோமத்தின் எண்ணெய்ப்பசை போய் முரடுத்தன்மை குறையும். சேறு காய்ந்ததும் சீவினாலே உதிர்ந்துவிடும். பல்லைத் தினமும் நாய்க்கான பற்பசையால் தேய்த்துவிடுங்கள். சிறிய தாடையில் நெருங்கி நிற்கும் பற்களில் காரை சீக்கிரம் படியும்.

உணவு

ஏழு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த கெய்ர்னுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 முதல் 480 கிலோ கலோரி போதும். இரு வேளையாகப் பிரித்து, அளந்து போடுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் தின்பண்டமும் இந்தக் கணக்கில் அடங்கும். அடர்ந்த ரோமம் கொழுப்பை மறைத்துவிடும் என்பதால் கண்ணை நம்பாமல் கையால் தடவிப் பாருங்கள். மெல்லிய சதைக்குக் கீழே விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும்.

நம் சமையலறையில் சில ஆபத்துகள் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பார் சாதமும் குழம்பு ஊற்றிய சோறும் கூடாது. திராட்சையும், பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட், சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த தின்பண்டங்கள், வேகவைத்த எலும்பு ஆகியவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள். கெய்ர்ன் மூடியைத் திறக்கக் கற்றுக்கொள்ளும் நாய்.

கவனிக்க வேண்டிய நோய்கள்

பொதுவாக உறுதியான இனம். ஆனாலும் சில நோய்கள் இதில் அதிகம் காணப்படுகின்றன.

குளோபாய்டு செல் லூகோடிஸ்ட்ரோபி சில மாதக் குட்டிகளிடம் தோன்றும். பின்கால் தள்ளாடும், நடுக்கம் வரும், நிலை விரைவாக மோசமாகும். குணப்படுத்த வழியில்லை. பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். ஒருவரேனும் அதிலிருந்து நீங்கியவர் என்று சோதனை காட்டினால் குட்டிக்கு அந்த ஆபத்து இல்லை. அதனால்தான் வாங்கும் முன்பே கேட்கச் சொன்னேன்.

கல்லீரல் இரத்தநாளக் கோளாறில், குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலுக்குப் போகாமல் வேறு நாளம் வழியே சுற்றிப்போகும். குட்டி வளராமல் நிற்பதும், சாப்பிட்ட பிறகு மயங்கித் தடுமாறுவதும் அறிகுறிகள். பல நாய்களுக்கு அறுவைச் சிகிச்சை பயனளிக்கிறது என்பதால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாலிலிருந்து எட்டு மாதத்தில் வாயைத் திறக்கவே வலித்து அழுதால், தாடை எலும்பு தடிக்கும் நோயாக இருக்கலாம். பற்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். வலிநீக்கிகளும் மென்மையான உணவும் கொடுத்துத் தாண்டிவிட்டால், பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி எலும்பு வளர்ச்சி நின்றுவிடும்.

நடுவயதுக்குப் பிறகு கெய்ர்னின் கண்ணில் கருநிறமி படிந்து, நீர் வடியும் வழியை அடைத்து, கண்ணழுத்தத்தைக் கூட்டும் நோய் வருவதுண்டு. ஆறு வயதிலிருந்து ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்தால் பார்வையை நீண்டகாலம் காக்கலாம். தோல் ஒவ்வாமை, முழங்கால் சில்லு விலகல், சர்க்கரை நோய் ஆகியவற்றையும் மனத்தில் கொள்ளுங்கள். ஓடும்போது ஒரு பின்காலை இரண்டு மூன்று எட்டு தூக்கிக்கொண்டு பிறகு இறக்கி ஓடுவது விளையாட்டில்லை, சில்லு விலகலின் அடையாளம். அதிகமாகத் தண்ணீர் குடித்தபடி எடை குறைந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

வெயிலும் குளிரும்

லண்டனிலோ டொரன்டோவிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த நாய்க்கான பருவநிலை வாசலிலேயே இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் இரட்டை ரோமம் ஏப்ரல், மே மாதங்களில் பெருந்துன்பம். ரோமத்தை மழித்துவிட்டால் தீருமே என்று எண்ணத் தோன்றும். மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும், ரோமமும் கெடும். சமவெளியில் வாழ்பவர் வேறு இனத்தைப் பார்ப்பதே நாய்க்குச் செய்யும் நன்மை. வேட்டைக் குணமே வேண்டுமென்றால் அந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த சிப்பிப்பாறையும் கன்னியும் இருக்கின்றன.

யாருக்கு இந்த நாய்?

வேலியிட்ட சிறு தோட்டமோ, தினமும் இருமுறை வெளியே கூட்டிப்போகும் உறுதியோ இருப்பவருக்கு. பகல் முழுவதும் வீடு பூட்டிக் கிடக்காதவருக்கு. தோண்டிய பள்ளத்தைப் பார்த்துப் பொறுமை இழக்காதவருக்கு. பதினைந்து ஆண்டுகள் ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கத் துணிந்தவருக்கு இது ஏற்ற நாய். சொன்னதைச் சொன்னபடி செய்யும் நாய் வேண்டுமென்றால் வேறு இனம் தேடுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏற்கெனவே கெய்ர்ன் வளர்க்கும் ஒருவரின் அனுமதியோடு, ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த நாயோடு இருந்து பாருங்கள்: காலை நடையும், தோட்டத்துத் தோண்டலும், வாசல் மணிக்குக் குரைப்பும், மாலையில் ரோமம் களைவதும். நாள் முடியும்போது மறுநாளும் அப்படியே வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகக் குட்டியைத் தேடத் தொடங்கலாம். களைப்புதான் மிஞ்சியது என்றால், குட்டி வீட்டுக்கு வரும் முன்பே அதைத் தெரிந்துகொண்டது உங்களுக்கும் நல்லது, அந்தக் குட்டிக்கும் நல்லது.